அண்ணன் உருக்கிய இரும்பு

ஆய்வகத்தில் எனக்கு ‘அறுவை’ என்று பேர். தொழிலும் அதுதான், பேச்சும் அதுதான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தூசி அளவு இரும்பை அயனிக் கற்றையால் சீவி, உள்ளே என்ன இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. மற்றவர்கள் நசுக்கிச் சுட்டு முடித்த துணுக்கெல்லாம் கடைசியில் என் அறைக்குத்தான் வந்து சேரும். அதனால் அந்த அறைக்குப் பிணவறை என்று பேர். வைத்தவன் என் கூடப்பிறந்த அண்ணன், நான் அவனுக்கு ஒரே தங்கை. அவனும் அதே கட்டடத்தில் எனக்கு இரண்டு மாடி கீழே இரும்பை நசுக்குகிறவன்.

நசுக்குகிறவன் என்றா சொன்னேன்? நசுக்கிக்கொண்டிருந்தவன். ஈரலில் வந்தது எலும்புக்கும் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த சில நாளிலேயே என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, “என் குட்டியை அறுத்துப் பாத்துடு” என்றான்.

அந்தக் குட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நம் காலுக்குக் கீழே ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் ஆழத்தில் ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. நிலாவைவிடக் கொஞ்சம் சிறியது. நிக்கலும் கலந்திருக்கிறது. இரும்பும் நிக்கலும் மட்டும் என்றால் இருக்க வேண்டிய கனம் அதற்கு இல்லை, சற்று லேசாக இருக்கிறது. ஆகவே வேறு ஏதோ லேசான சரக்கும் உள்ளே இருக்கிறது. கந்தகமா, சிலிக்கனா, ஆக்சிஜனா, கார்பனா என்று எங்கள் ஆட்களுக்குள் இன்னும் அடிதடி ஓயவில்லை. உருண்டையைச் சுற்றி உருகிய இரும்புக் குழம்பு. குழம்பைவிட உருண்டைக்குத்தான் சூடு அதிகம், இருந்தும் உருண்டை கெட்டி. பூமி மொத்தமும் அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பதால் அணுக்களுக்கு அசைய இடமில்லை, அவ்வளவுதான் விஷயம். குழம்பும் கெட்டியும் சந்திக்கிற எல்லையில் இரும்பு உருகுவதா உறைவதா என்று நிற்கிறது. அந்த அழுத்தத்தில் இரும்பு எத்தனை டிகிரியில் உருகும் என்று இங்கே உட்கார்ந்து அளந்துவிட்டால், அங்கே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடலாம். அங்கே இறங்கிப் போய் யாரும் தெர்மாமீட்டர் வைக்க முடியாது.

அதை அளக்கத்தான் அண்ணன் ஆயுசைச் செலவழித்தான். முனையைத் தட்டையாகச் சீவிய இரண்டு வைரம். நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத இரும்புத் துணுக்கு. வைரத்துக்கும் இரும்புக்கும் நடுவில், சூடு வைரத்துக்குத் தாவாமல் இருக்க மெல்லிய உப்புப் படலம். திருகைத் திருகி, பூமியின் நடுவில் இருக்கும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட நசுக்கி, வைரத்தின் வழியாகவே லேசர் அடித்து இரும்பை உருக்க வேண்டும். அண்ணன் சூடேற்றும் விதமே தனி. கொஞ்சம் ஏற்றுவான், நிறுத்திப் பார்ப்பான், டீ குடிப்பான், இன்னும் கொஞ்சம் ஏற்றுவான். அப்படிப் பொறுமையாகச் சுட்டு அவன் உருக்கிய முதல் துணுக்குதான் குட்டி. அதிலிருந்து அவன் சொன்ன எண் அன்றைக்குப் பெரிய பேச்சாக இருந்தது. மற்றவர்கள் நினைத்ததைவிட ஆயிரம் டிகிரி குறைவு. குட்டியை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பதினெட்டு வருஷமாக மேஜை இழுப்பறையில் வைத்திருந்தான். அவனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை கிடையாது. அதனால் அந்தப் பேரைக் கேட்டு யாரும் கேலி செய்ததில்லை.

அந்த ஆயிரம் டிகிரியில்தான் ஒரு சிநேகம் போயிற்று. அண்ணனுடன் படித்து, ஒரே அறையில் தங்கி, ஒரே லேசரில் வேலை பார்த்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டில் அவருக்குப் பட்டாசு என்று பேர், எனக்குப் பட்டாசு அண்ணன். லேசரைப் படக்கென்று ஒரு அடி அடித்து உடனே எடுத்துவிடுவார், கோபமும் அதே கதிதான். அவர் அண்ணனை ஆமை என்பார். எனக்குப் பையன் பிறந்தபோது அவரிடம் போட்டோவைக் காட்டினேன். குழந்தை அழகாத்தான் இருக்கு, பக்கத்துல ஒரு பேனா வெச்சு எடுத்திருந்தா நீளம் தெரிஞ்சிருக்கும் என்றார். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் முதலில் மூலையில் இருக்கிற அளவுக்கோட்டைத் தேடுவார், பிறகுதான் படத்தைப் பார்ப்பார். அப்படி ஒரு ஜன்மம்.

பட்டாசு அண்ணனுக்குக் கிடைத்த எண் ஆயிரம் டிகிரி கூடுதலாக வந்தது. ஒரு கூட்டத்தில் நூறு பேருக்கு முன்னால் அண்ணன் அதைத் தீக்குச்சி உரசுகிற வேலை என்று சொல்லிவிட்டான். அவர் எழுந்து, “நீ நாள் பூரா சுட்டா வைரத்துலேருந்து கார்பன் இரும்புக்குள்ள இறங்கும்டா, அழுக்கு இரும்பு சீக்கிரம் உருகத்தான் செய்யும்” என்றார். அவர் சொன்னது வேதியியல். அண்ணன் காதில் விழுந்தது, உன் கை அழுக்கு என்று. அதோடு சரி. அவர் வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனார், விமானத்தில் போகிற தூரம். இரண்டு பேரும் வீம்பு பிடித்தவர்கள். போன் எண் மட்டும் இரண்டு பேரிடமும் இருந்தது.

சீவிப் பார்க்கிற இயந்திரம் எங்களிடம் வந்தே கொஞ்ச வருஷம்தான் ஆகிறது. வந்த நாளிலிருந்து குட்டியைக் கொடு, பார்த்துவிடலாம் என்று நான் நச்சரித்தேன். அறுத்தால் போச்சு என்று அவன் மறுத்துவிட்டான். இப்போது அவனே கேட்கிறான். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. குப்பியை என் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டான். அவன் விரல் எலும்பாக இருந்தது.

வாசலில் அண்ணி பிடித்துக்கொண்டாள். அண்ணி பல் டாக்டர். எதையும் சுற்றி வளைக்க மாட்டாள். “அதுல என்ன வேணா இருக்கட்டும். சுத்தமா இருக்குன்னு சொல்லிடு. அவர் நிம்மதியா போகட்டும்” என்றாள். இருந்தால் இருக்கிறது என்றுதான் சொல்வேன், எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் எரிந்து விழுந்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை. “நான் இருபத்தஞ்சு வருஷமா வலிக்காது வலிக்காதுன்னு சொல்லித்தான் பல்லைப் பிடுங்கறேன். யாரும் வந்து ஏன் பொய் சொன்னேன்னு கேட்டதில்லை” என்றாள்.

மறுநாள் குட்டியைச் சீவினேன். குட்டியைத் தவறவிட்டுவிடுவேனோ என்று பயந்தேன். நல்லவேளையாக அந்த வேலையில் கைக்கு வேலை இல்லை, எல்லாம் கணினியில்தான். இரும்பின் வெட்டுமுகம் திரையில் வந்தது. நடுவில் உருகி மறுபடி உறைந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. அதற்குள் கறுப்பாக நரம்பு நரம்பாக ஓடியிருந்தது.

மைக்ராஸ்கோப்புக்குள் எதை வைத்தாலும் மேலே கொஞ்சம் கார்பன் அழுக்கு ஒட்டத்தான் செய்யும். அதுவாக இருக்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். சுத்தமான இரும்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்து அளந்தேன். அதில் இல்லை. குட்டியை இன்னொரு இடத்தில் சீவினேன். அங்கேயும் இருந்தது. ஓரத்தில், வைரத்தை ஒட்டிய பக்கத்தில், இன்னும் அதிகமாக இருந்தது. வைரம் என்பதே கார்பன்தான், வேறொன்றும் இல்லை. அவன் பொறுமையாகச் சுடச் சுட அது உப்பைக் கடந்து இரும்புக்குள் இறங்கியிருக்கிறது. பட்டாசு அன்றைக்குச் சொன்னபடியே, ஒரு அட்சரம் பிசகாமல். அவசரக்காரனாக இருந்திருந்தால் என் அண்ணன் தப்பித்திருப்பான். அவனிடம் இருந்த ஒரே நல்ல குணம் அவனைக் கவிழ்த்துவிட்டது. பிணவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்து அண்ணிக்குப் போன் செய்தேன். இருக்கிறது, நிறைய இருக்கிறது, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, சாயங்காலம் வருகிறேன் என்றேன். அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் நான் போவதற்குள் காரியம் முடிந்திருந்தது. அண்ணன் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகச்சவரம் செய்திருந்தான். பல நாள் கழித்து அரைக் கிண்ணம் சூப் குடித்ததாக அண்ணி சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். அண்ணன் இரண்டு கையையும் நீட்டி, “அறுவை, சுத்தமாமே” என்றான்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எவளுக்காவது மனசு வந்திருந்தால் அவள் காலில் விழுகிறேன். ஆமாம் என்றேன். அண்ணி அறையை விட்டு வெளியே போனாள்.

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, படத்தைப் பட்டாசுக்கு அனுப்பு என்றான். நீயே போன் பண்ணிப் பேசேன், எத்தனை வருஷமாச்சு என்றேன். அதற்கு அவன் சொன்ன பதில்தான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்வது.

“நான் எப்படிக் கூப்பிடறது? ஜெயிச்சவன் கூப்பிட்டா குத்திக் காட்டற மாதிரி இருக்கும். தோத்திருந்தா இந்நேரம் கூப்பிட்டிருப்பேன். அதுக்குத்தான் அறுக்கவே சொன்னேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா ரெண்டு பேர்ல ஒருத்தன் கூப்பிட்டுத்தானே ஆகணும்? படத்தை அனுப்பு. அவன் கூப்பிடுவான்.”

எனக்கு விளங்கிவிட்டது. அவனுக்கு வேண்டியிருந்தது எண் இல்லை, ஒரு சாக்கு. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே போனை எடுத்திருப்பான். பாழாய்ப்போன நாங்கள் இரண்டு பொம்பளைகளும் நல்லது செய்கிறோம் என்று அந்தப் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டோம்.

அனுப்ப எந்தப் படம் இருக்கிறது? இருக்கிற படத்தில் கார்பன் கறுப்புக் கறுப்பாக நிற்கிறது. மறுநாள் அவன் கேட்டபோது அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். பொய் சொல்லத் தெரியாது என்று அண்ணியிடம் பெருமை அடித்தவள்.

அதன் பிறகு அவன் போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டான். மணி அடித்தால் முதலில் அவன் கண் போகும். மருந்துக் கடைக்காரர், ஆய்வகத்துப் பிள்ளைகள், யார் யாரோ கூப்பிட்டார்கள். நான் உள்ளே நுழையும்போதே பதில் வந்ததா என்று கேட்பான். இன்னும் இல்லை, வெளியூர் போயிருப்பார் என்பேன். ஆளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று ஒருநாள் கவலைப்பட்டான். அடுத்த நாள், படத்தை இன்னொரு தடவை அனுப்பிப் பாரு, போய்ச் சேர்ந்திருக்காது என்றான். அதற்கப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டான். சூப்பும் நின்றுபோயிற்று. ஒரு மத்தியானம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, “அவ்வளவு வைராக்கியமா அவனுக்கு” என்றான். என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னான்.

நான் சமையலறைக்குப் போய் அண்ணியைப் பிடி பிடி என்று பிடித்தேன். அடுப்படியில் நின்றுகொண்டு சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். உங்களால்தான் அவன் சிநேகிதனைப் பாவியாக நினைத்துக்கொண்டு சாகப் போகிறான் என்றேன். அண்ணி கழுவிய கிண்ணத்தையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். கடைசியில், “போய்ச் சொல்லு. நான் தடுக்கலை. எனக்கு வாய் வரலை, உனக்கு வந்தா சொல்லு” என்றாள். போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவன் கண்ணைத் திறந்து, கால் குளிருது, போர்வையை இழுத்து விடு என்றான். இழுத்து விட்டுவிட்டு வந்தேன்.

அன்றைக்கே ஆய்வக மாடிப்படியில் நின்றுகொண்டு பட்டாசு அண்ணனுக்குப் போன் செய்தேன். நான் யார் என்று சொல்வதற்குள் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். நோயைப் பற்றிச் சொன்னேன், அவருக்குத் தெரியாது. குட்டியைச் சீவியதைச் சொன்னேன். கார்பன் இருந்ததைச் சொன்னேன், பொய்யைச் சொன்னேன், போகாத படத்துக்கு அண்ணன் பதில் எதிர்பார்த்துக் கிடப்பதைச் சொன்னேன். பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் தான்தான் சரி என்று தெரிந்த மனுஷன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “நாளைக்கு வர்றேன். அன்னிக்கே திரும்பணும், அதுக்கு அடுத்த நாள் என் இரும்பைச் சோதிக்க எக்ஸ்ரே மெஷின்ல நேரம் குடுத்திருக்காங்க, விட்டா அடுத்த வருஷம்தான். ஆனா வர்றேன். நான்தான் தப்புன்னு சொல்லிடறேன், போதுமில்ல?” என்றார். போதும் அண்ணே என்று அழுதேன்.

வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, நடை மட்டும் அதே படபடப்பு. அறைக்குள் நுழைந்தவர் கட்டிலில் கிடந்ததைப் பார்த்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் அவ்வளவு சுருங்கியிருப்பான் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். பிறகு போய், அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “ஆமை, நான் தோத்துட்டேன்டா. படம் பார்த்தேன். சுத்தமா இருக்கு. உன் எண்தான் சரி” என்றார்.

அண்ணன் அவரையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான், நிஜமாகவே சிரித்தான். “தெரிஞ்சா சரி” என்றான். அப்புறம் இரண்டு பேரும் பழைய கதை பேசினார்கள். ஒரே வாரத்தில் மூன்று வைரத்தை உடைத்துவிட்டு ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டது, வாடகை அறையில் ஒரே ஒரு நல்ல சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போனது. அண்ணனுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை. அண்ணி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து, அவள் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு வடிந்துவிட்டது.

மத்தியானம் அவர் கிளம்பினார். வேலை முடிந்ததும் அடுத்த வாரமே வருகிறேன், ஒரு வாரம் இங்கேயே டேரா என்றார். சீக்கிரம் வா, உனக்காக எல்லாம் காத்துக்கிட்டிருக்க மாட்டேன் என்று அண்ணன் கிண்டல் செய்தான். அண்ணி அவரை விமான நிலையத்தில் விடக் காரை எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் இரண்டு மணி நேரம்போலக் கண்ணயர்ந்து விழித்தபோது அவள் இன்னும் திரும்பவில்லை, நான்தான் தண்ணீர் கொடுக்க உள்ளே போனேன்.

அவன் தண்ணீரைக் குடிக்கவில்லை. என்னைப் பார்த்து, “எவ்வளவு இருந்துது?” என்றான்.

என்ன கேட்கிறாய் என்றேன்.

“கார்பன். எவ்வளவு இருந்துது? அவன் படம் பார்த்தேன்னான். அளவுக்கோட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. பக்கத்துல எதை வெச்சு ஒப்பிட்டீங்கன்னு கேட்கலை. எத்தனை இடத்துல சீவினேன்னு கேட்கலை. உன் பையன் போட்டோவுக்கே பேனா கேட்டவன். அவன் படமே பார்க்கலை, அறுவை. என்னைப் பார்த்துப் பாவப்பட்டு ஒத்துக்கிட்டுப் போறான்.”

சொன்னேன். எவ்வளவு, எங்கே, ஓரத்தில் எப்படி, நடுவில் எப்படி, எல்லாம் சொன்னேன். அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டான். நான் எதிர்பார்த்த மாதிரி இடிந்துபோகவில்லை. பூமி நடுவுலயும் அதெல்லாம் கலந்துதானே கிடக்குது, தெரியாமலே சரியான சரக்கைச் சுட்டிருப்பேன்போல என்று சிரிக்கக்கூடப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“அப்ப அன்னிலேருந்தே நான்தான் கூப்பிட்டிருக்கணும். பதினெட்டு வருஷமா என் முறைதான். அவன் கூப்பிடலை கூப்பிடலைன்னு அவனைப் போய்த் திட்டிக்கிட்டுக் கிடந்தேனே” என்றான்.

அதற்கப்புறம் அழுதான். உடம்பில் தெம்பு இல்லாததால் சத்தம்கூட வரவில்லை. என் அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அண்ணியிடம் சொல்லாதே என்றான். “வலிக்காதுன்னு சொல்லியே பழகினவ. வலிச்சுதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா.” பிறகு, அவனைக் கூப்பிடு என்றான்.

கூப்பிட்டேன். விமானத்தில் ஏறியிருப்பார், போன் அணைக்கப்பட்டிருந்தது. இறங்க நேரமாகும், அப்புறம் பேசலாம் என்றேன். மறுபடி போடு என்றான். போட்டேன். மூன்றாவது தடவை போனை என்னிடமிருந்து வாங்கித் தானே காதில் வைத்துக்கொண்டான். நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பதிவுப் பெண் சொல்வது எனக்கும் கேட்டது. அவள் முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு அண்ணன் பேசினான்.

“டேய், நான்தான்டா தப்பு. நீ அன்னிக்குச் சொன்னது சரி. பாவப்பட்டு நீ ஒண்ணும் தோக்க வேணாம். கோச்சுக்காத.”

அந்தப் பெண் அதையே இன்னொரு மொழியில் சொல்லிவிட்டு நிறுத்தினாள். இணைப்பு அறுந்தது. அவனிடமிருந்து போனை நான் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் வலி அதிகமாகி நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். அண்ணன் தூங்கிவிட்டான். அதற்கப்புறம்தான் பட்டாசு அண்ணன் கூப்பிட்டார், இறங்கியதும் போனைப் பார்த்திருக்கிறார். என்ன ஆச்சு, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே என்று பதறினார். பக்கத்தில் அண்ணி இருந்தாள். அவள் இல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அதை அவன் வாயால் அவர் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவன் விஷயத்தில் மூக்கை நுழைத்தது போதும், இந்த ஒன்றையாவது அவனே செய்யட்டும் என்று நினைத்தேன். “ஒண்ணுமில்லைண்ணே, அவன் உங்ககிட்ட ஏதோ பேசணும்னான். காலையில அவனே கூப்பிடுவான்” என்றேன்.

காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் அதுவும் நின்றுவிட்டது. பட்டாசு அண்ணன் எக்ஸ்ரே மெஷின் அறைக்குள் இருந்தார், போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர் வெளியே வந்து கூப்பிட்டபோது வீடு நிறைய ஆட்கள். நான் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குப் போய், அண்ணன் போய்விட்டான் என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “காலையில கூப்பிடறேன்னானே. என்ன பேசணும்னான்?” என்று கேட்டார்.

சொன்னேன். அணைத்து வைத்த போனிடம் அவன் சொன்னதை, அவன் சொன்ன அதே வார்த்தையில், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கோச்சுக்காத என்பது வரைக்கும் சொன்னேன்.

“எனக்கு அது வேணாமே தங்கச்சி” என்றார். “தான்தான் ஜெயிச்சதா நினைச்சுக்கிட்டே அவன் போயிருக்கலாமே.”

அப்புறமும் அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.